அழுக்கே இல்லாத ஹெல்மெட்

“மாமா, எங்கப்பா தொப்பியில இம்புட்டு ஸ்டிக்கர் ஒட்டிருக்கே, மேலருந்து விழுறதத் தடுக்குற ஸ்டிக்கர் இதுல எது?”

ஆறு வயது இசக்கி என்றோ ஒருநாள் கேட்ட கேள்வி அது. கேட்கப்பட்டவர் கூரை காண்ட்ராக்டர் சாம்சன். அன்று அவர் சிரித்து, பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இன்று படப்பையில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் துப்பறிவாளர் ஜயஸ்ரீயின் அறையில் உட்கார்ந்து அதே கேள்வியை அவர் திருப்பிச் சொன்னார். இசக்கியின் அப்பா சுடலைக்கண்ணு சென்ற வாரம் இறந்துபோனான். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கூரை வேலை நடந்துகொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு நட்டு கை தவறி விழுந்தது. எலுமிச்சம்பழ அளவுதான். கீழே நின்றவனின் ஹெல்மெட் அதைத் தாங்கியிருக்க வேண்டும். தாங்கவில்லை. அப்பளம் போல நொறுங்கிவிட்டது.

“டூப்ளிகேட் ஹெல்மெட்னு சொல்றாங்கம்மா,” என்றார் சாம்சன். “இன்னிக்கு சாயங்காலம் கம்பெனில என்கொயரி. டூப்ளிகேட்னு முடிவாச்சின்னா இந்த லைன்ல எந்த கேட்டுலயும் நான் நுழைய முடியாது. இருபது வருஷத் தொழில். அதுகூடப் போவட்டும். நான் நல்ல கடையிலதான் வாங்கினேன். ஆனா கடைக்காரன் என்னை ஏமாத்திருந்தா? என் கையால மட்டமான சரக்கைக் குடுத்து என் ஆளை நானே கொன்னிருந்தா? அது எனக்குத் தெரியணும்.”

ஜயஸ்ரீ பதில் சொல்வதற்குள் வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணாத்தே, கண்ணாலத்துக்கே ஒரு மாலைதான் போடுவாங்கோ. நீ இன்னா கழுத்துல நாலு மாட்டிக்கினு கீற?”

பாஞ்சாலி. படப்பை ஒரகடம் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து மதிப்பீட்டாளராக இருந்த ஜயஸ்ரீ, வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கிய நாளிலிருந்து வாகனமும் வாய்த்துணையும் அவள்தான்.

சாம்சன் தன் கழுத்தில் தொங்கிய நான்கு அடையாள அட்டைகளைக் குனிந்து பார்த்தார். “நாலு கம்பெனில கூரை போடுறேன் தங்கச்சி. நாலும் நாலு சேஃப்டி சர்ட்டிபிகேட் கேக்கும். பாஸ் பண்ணா ஹெல்மெட்ல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. ஒண்ணுல பாஸ் பண்ணது இன்னொண்ணுல செல்லாது. என் பசங்க ஒரே ஏணில ஏறுறதை நாலு தடவை படிச்சு நாலு தடவை பரீட்சை எழுதிருக்காங்க. கண் டெஸ்ட் நாலு, ரத்த டெஸ்ட் நாலு.”

“அவ்ளோ ரத்தத்தை உறிஞ்சிட்டு அப்பால ஏணில ஏறுன்னா எப்டி ஏறுவான்?”

“பாஞ்சாலி!” என்று அதட்டினாள் ஜயஸ்ரீ. ஆனால் சாம்சனின் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு போல ஏதோ வந்து போனதை அவள் கவனித்தாள். பாஞ்சாலி அதற்காகத்தான் பேசினாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சாம்சன் கொண்டுவந்திருந்த சாக்கை அவிழ்த்தார். உள்ளே மஞ்சள் ஹெல்மெட்டுகள். “உடைஞ்சதை கம்பெனி வெச்சுக்கிச்சு. இது மத்த பசங்களோடது. எல்லாமே எட்டு மாசம் முன்னாடி ஒரே நாள்ல, ஒரே கடையில வாங்கினது.”

“கடைக்குப் போகலாம்,” என்று எழுந்தாள் ஜயஸ்ரீ.

ஒரகடம் கூட்டுரோட்டில் பூட்ஸும் கையுறையும் விற்கும் கடை அது. உரிமையாளர் வெங்கடேசன், டூப்ளிகேட் என்ற சொல் காதில் விழுந்ததும் கல்லாவை விட்டு இறங்கி வந்துவிட்டார்.

“மேடம், உள்ள பொறிச்சிருக்கிற நம்பரைப் பாருங்க. இதே நம்பர்ல மிச்சம் இன்னும் கடையில இருக்கு. நீங்களே எடுத்து உடைச்சுப் பாருங்க!”

“இந்த மாதிரி கடைக்காரரை நான் பாத்ததேயில்ல. உடைச்சுப் பாக்கச் சொல்றாரு,” என்றபடி பாஞ்சாலி ஆட்டோவிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்து வந்தாள். புது ஹெல்மெட்டைத் தரையில் வைத்து, ஸ்டூல் மேல் ஏறி, ஸ்பானரைப் போட்டாள். ஸ்பானர் துள்ளி எகிறி வெங்கடேசனின் பூட்ஸ் அட்டைகளைச் சரித்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல்தான்.

“இப்ப இது,” என்று சாக்கிலிருந்த ஒன்றை நீட்டினாள் ஜயஸ்ரீ.

அதே ஸ்டூல், அதே ஸ்பானர். ஹெல்மெட் மூன்று துண்டாகச் சிதறியது.

வெங்கடேசன் ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தார். “நம்பர் அதேதான். என் சரக்குதான். ஆனா எட்டு மாசத்துல இப்படி ஆகாது மேடம். என் லோடுமேன் அதே கம்பெனி ஹெல்மெட்டை ரெண்டு வருஷமா போடுறான்.”

லோடுமேனின் ஹெல்மெட்டையும் வாங்கிச் சோதித்தார்கள். வெயிலில் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியுமாக, ஏதோ கட்சிக் கொடி ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டியிருந்த ஹெல்மெட் அது. ஸ்பானரை அது சட்டை செய்யவில்லை.

ஜயஸ்ரீ அதையும் சாம்சனின் ஆட்கள் போட்ட இன்னொரு ஹெல்மெட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு குந்தினாள்.

“பாஞ்சாலி, இது ரெண்டுல எது எட்டு மாசம் வெயில்ல இருந்தது?”

“இன்னா மேடம் கேள்வி இது? அதோ அந்த அழுக்குப் புடிச்சது.”

“அது ரெண்டு வருஷம். எட்டு மாசம் கூரை மேல கிடந்தது இது. இதுல என்ன இல்லை, சொல்லு?”

பாஞ்சாலி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அழுக்கே இல்ல.”

“நாலு கம்பெனியும் மாறி மாறி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. ஒரு ஸ்டிக்கரோட பசைகூட இல்லை.” அவள் சாம்சனிடம் திரும்பினாள். “எங்க போச்சு?”

“எடுத்துடணும்மா,” என்றார் சாம்சன். “ஒரு கம்பெனி ஸ்டிக்கரோட இன்னொரு கம்பெனிக்குள்ள போகக் கூடாது. பசை ஒட்டியிருந்தாலே கேட்டுல திருப்பி அனுப்பிடுவான். அன்னிக்கு வேலை போச்சு. அதனால திங்கக்கிழமை ஹெல்மெட் சுத்தமா இருக்கணும்னு பசங்ககிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன். எப்படி எடுக்கிறாங்கன்னு நான் கேட்டதில்ல.”

“நகத்தால சொரண்டினா போவாது மேடம்,” என்றாள் பாஞ்சாலி. “என் வண்டி பின்னாடி லைட்டு மேல எவனோ மூலம் பௌத்திரம் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டான். பின்னாடி வர்ற பஸ்காரன்லாம் என்னை ஒரு மாதிரி பாக்கறான். பெயின்ட்டர் ஒருத்தர்கிட்ட தின்னர் வாங்கித் தொடச்சேன். நோட்டீஸ் போச்சு. கொஞ்ச நாள்ல அந்த பிளாஸ்டிக்கும் பிஸ்கட் மாதிரி பொடிப் பொடியா...”

அவள் வாய் அப்படியே நின்றது.

ஜயஸ்ரீ ஹெல்மெட்டைக் கவிழ்த்து, உள்பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவே மூக்கை வைத்தாள். வியர்வை வாடைக்கு அடியில், மெல்லியதாக, புது வீட்டுக் கதவு போல ஒரு வாசனை.

“சாம்சன், இந்த ஹெல்மெட் எதையும் இனி யாரும் தலையில வைக்கக் கூடாது. நீங்க கம்பெனி வாசலுக்குப் போங்க. நாங்க அங்க வந்துடறோம்.”

ஆட்கள் தங்கியிருந்த மண்ணூருக்குப் போகும் வழியெல்லாம் பாஞ்சாலிக்கு வாய் நிற்கவில்லை. “யாரோ ஒரு சோம்பேறி மேடம். மெனக்கெட மாட்டாம தின்னரை ஊத்தித் தொடச்சிருக்கான். கையும் களவுமா புடிச்சு, அவன் தலையிலயே ரெண்டு தட்டு தட்டிக் காட்றேன் பாருங்கோ.”

சாம்சனின் ஆட்கள் வாடகைக்கு இருந்த கொட்டகை வாசலில் பிரசன்னா என்ற கூரைத் தொழிலாளி துணி துவைத்துக்கொண்டிருந்தான். வேலை நின்றுபோன ஒரு வாரத்தில் அவன் துவைத்ததையே மறுபடி துவைப்பவன் போலிருந்தான்.

“நாங்க எங்க மேடம் தொடைக்கிறது?” என்றான். “ஞாயித்துக்கிழமை மூட்டையா கட்டி சுடலையண்ணன் வூட்ல குடுத்துடுவோம். அண்ணிதான் தொடச்சுத் தரும். கண்ணாடி மாதிரி வரும். வேணாம்னு சொன்னாலும் கேக்காது. எங்களுக்கு அம்மா, அக்கா எல்லாம் ஊர்ல. அது ஒண்ணுதான் எங்களுக்குன்னு...” சட்டையைப் பிழிந்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாஞ்சாலி ஜயஸ்ரீயைப் பார்த்தாள். ஜயஸ்ரீ தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் சுடலைக்கண்ணுவின் வீடு. அந்தக் கொஞ்ச தூரத்தையும் நடக்காமல் திரும்பிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

ஒற்றை அறை வீடு. சுடலைக்கண்ணுவின் மனைவி உலகம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தான். பஸ் டிக்கெட் எடுக்கப் போயிருந்தான். இசக்கி மூலையில் சுருண்டு தூங்கினாள்.

“வாங்கக்கா, இருங்க,” என்று கட்டிய சாக்கை அவிழ்த்து இரண்டு தம்ளரை வெளியே எடுத்தாள் உலகம்மாள். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரையைத் தேடி, கிடைக்காமல், பக்கத்து வீட்டில் வாங்கிவந்து கலந்து கொடுத்தாள். “வெயில்ல வந்திருக்கிய. சாம்சன் அண்ணாச்சி அனுப்பிச்சாவளா? அவுகளுக்கு ஒரு கெட்ட பேரும் வந்துரக் கூடாதுக்கா.”

“சுடலைக்கு அவர் மேல ரொம்பப் பிரியமோ?” என்று கேட்டாள் ஜயஸ்ரீ. கேட்க வந்த கேள்வி அதுவல்ல.

“பிரியமா! அண்ணாச்சி ஒருதடவ பெல்ட்டு மாட்டாம மேல ஏறிட்டாவளாம். கம்பெனிக்காரனுவ கீழருந்து போட்டோ எடுத்துட்டானுவ. மொகம் தெரியல. அண்ணாச்சின்னு தெரிஞ்சா எல்லாருக்குமே வேல போயிரும்லா? இவுக போயி ‘அது நாந்தேன்’னு நின்னுட்டாவ. ஆறு மாசம் ஒரு கேட்டுலயும் விடல. ஊருணில நிக்குத மாடு மாதிரி வீட்டு வாசல்லயே நிப்பாவ பாவம்.”

அவள் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள். “அதுக்குப் பெறவுதான்க்கா எனக்கு ஒரு பயம். தொப்பில ஒரு பொட்டு பசை இருந்தாக்கூடத் திருப்பி அனுப்பிருவானுவளாம்லா? பெயின்ட்டு அடிக்கிற பக்கத்து வீட்டு அண்ணன்ட்ட தின்னர் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டேன். கை எரியத்தான் செய்யும். எரிஞ்சா என்ன? பயலுவ தொப்பியெல்லாம் ஒரு தடவ தொடப்பேன். இவுக தொப்பிய மட்டும் ரெண்டு தடவ.”

தெருவில் தண்ணீர் லாரி போகும் சத்தம் கேட்டது. ஜயஸ்ரீயின் கையில் தம்ளர் அப்படியே இருந்தது. எதிரே நீட்டப்பட்டிருந்த உலகம்மாளின் விரல் நுனிகள் தோல் உரிந்து வெளுத்திருந்தன.

கேள்வி எதுவும் மிச்சமில்லை. தெரிந்ததைச் சொல்லவும் மனம் வரவில்லை. ஜயஸ்ரீ எலுமிச்சைத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். தம்ளரைத் தானே கழுவி, சாக்குக்குள் வைத்து, வாயைக் கட்டிக் கொடுத்தாள்.

“பத்திரமா போயிட்டு வாம்மா. பிள்ளையைப் படிக்க வை,” என்றாள்.

ஆட்டோவுக்குத் திரும்பியதும் பாஞ்சாலி சாவியைப் போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு நகைச்சுவையும் இல்லாத பாஞ்சாலியை ஜயஸ்ரீ பார்ப்பது அதுவே முதல் தடவை.

“சோம்பேறின்னு சொன்னேனே மேடம்,” என்றாள் கடைசியில். “என் வாயில...”

“விடு. வண்டியை எடு.”

ஜயஸ்ரீயின் குடும்பம் ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் பூக்கைங்கரியம் செய்யும் குடும்பம். அன்போடு தொடுக்கப்பட்ட எதுவும் வீண்போகாது என்று நம்பியே அவள் வளர்ந்தாள். பெருமாளே, அப்படியானால் இது என்ன என்று மனதுக்குள் கேட்டாள். ஆட்டோ சத்தத்தில் பதில் ஒன்றும் கேட்கவில்லை.

தொழிற்சாலை வாசலுக்கு எதிரே, புளியமரத்தடியில் சாம்சன் நின்றிருந்தார். அவர் கண்களில் ஒரே கேள்வி.

“ஹெல்மெட் அசல்,” என்றாள் ஜயஸ்ரீ. “நீங்க கொல்லலை.”

சாம்சன் கண்களை மூடி “ஸ்தோத்திரம்” என்றார். மூடிய கண் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. “அப்ப, எப்படிம்மா?”

“தின்னர். ஸ்டிக்கரை எடுக்கறதுக்காகத் தொடைச்சது.”

“யாரு தொடைச்...” என்று தொடங்கியவர் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை மூட்டைகள் எந்தத் தெருவுக்குப் போயின என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவர் முகத்தில் வந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நான் சொல்லலை.”

பாஞ்சாலி ஒரு பையை அவரிடம் நீட்டினாள். உள்ளே கடையில் வாங்கிய ஒரு புது ஹெல்மெட், சாம்சனின் ஆட்கள் போட்ட ஒரு பழசு. பையின் வாயைப் பழைய டயர் டியூப் துண்டால் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். “உள்ள போனதும் ரெண்டையும் தட்டிக் காட்டு அண்ணாத்தே. குருட்டுப் பயலுக்கும் வெளங்கும்.”

“யார் தொடைச்சதுன்னு சொல்லவேண்டாம்,” என்றாள் ஜயஸ்ரீ.

“கேப்பாங்கம்மா. பேரில்லாம ரிப்போர்ட் முடியாது. நாலு கம்பெனிக்கும் அதை அனுப்புவாங்க. காலையில வேலைக்கு முன்னாடி எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுப் படிப்பாங்க. அவ ஊர்ப் பசங்க இந்த லைன்ல எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?”

பையை வாங்கிக்கொண்டு அவர் வாசலை நோக்கி நடந்தார். ஜயஸ்ரீயும் கூடவே போனாள். செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தான்.

“மேடம், சேஃப்டி இண்டக்‌ஷன் முடிச்சிருக்கீங்களா?”

“நான் ஒரு அறையில உக்காந்து பேசத்தான் போறேன்.”

“யாரா இருந்தாலும் மூணு மணி நேர வீடியோ பாக்கணும். பரீட்சை எழுதணும். அப்பறம் ஸ்டிக்கர் குடுப்போம்.”

“ஐயோ, எங்கம்மா பெத்தப்ப ஒட்டாம வுட்டுட்டாளே!” என்றாள் பின்னாலிருந்து பாஞ்சாலி. குரலில் பழைய துடுக்கு இல்லை.

சாம்சன் தனியாக உள்ளே போனார்.

அவர்கள் ஆட்டோவில் காத்திருந்தார்கள். ஷிப்ட் முடிந்த பஸ்கள் வரிசையாக வெளியே வந்தன. வாசல் அறிவிப்புப் பலகையில் ஒருவன் புதுத் தாள் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனான். பாஞ்சாலி போய்ப் படித்துவிட்டு வந்தாள்.

“இனிமே ஹெல்மெட் தரமானதுன்னு காட்ட தனியா ஒரு ஸ்டிக்கராம் மேடம். நாலு கம்பெனியும் தனித்தனியா ஒட்டுமாம்.”

ஜயஸ்ரீ அந்தப் பலகையைப் பார்த்தாள். அந்த ஸ்டிக்கரையும் யாரோ ஒருத்தி, எங்கோ ஒரு வீட்டில், விரல் எரிய எரியத் துடைத்தெடுப்பாள்.

“உலகம்மா பஸ் ஏறட்டும் மேடம்,” என்றாள் பாஞ்சாலி. “நாளையிலேருந்து என் வண்டில ஏறுற ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்றேன். தின்னர் போடாதே, தேங்கா எண்ணெ தடவி ஊற வெச்சுத் தொடைன்னு. யார் பேரும் சொல்லமாட்டேன்.”

“எத்தனை பேர்கிட்ட சொல்லுவே? இந்த ரோட்டுல லட்சம் பேர் போறாங்க.”

“ஒரு டிரிப்புக்குப் பத்து பேர் ஏறுறாங்கோ. அவ்ளோதான் என்னால ஆவும்.”

அதுகூடப் போதாதுதான். ஆனாலும் ஜயஸ்ரீ அவள் தோளில் ஒருதரம் கைவைத்து எடுத்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு சாம்சன் வெளியே வந்தார். கழுத்தில் அட்டை ஒன்றுகூட இல்லை. வாசலைத் தாண்டியதும் அந்த வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“முடிஞ்சிதும்மா. நாலு கம்பெனிக்கும் மெயில் போயிடுச்சு. டூப்ளிகேட்னுதான் எழுதிருக்காங்க. போலீஸும் கூப்பிடும்னாங்க. பசங்களை வேற காண்ட்ராக்டர்கிட்ட சேத்து விடணும். பாவம், அவனுங்க மறுபடி முதல்லேருந்து எல்லாப் பரீட்சையும் எழுதணும்.”

“ஹெல்மெட்டைத் தட்டிக் காட்னியா அண்ணாத்தே?” என்று பாய்ந்தாள் பாஞ்சாலி.

“காட்டினேன் தங்கச்சி. அவங்க ஒத்துக்கலை.”

சொல்லிக்கொண்டே அவர் பையை இருக்கையில் வைத்தார். பாஞ்சாலியின் கண் அதன் மேல் விழுந்தது. டியூப் துண்டு சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. அவள் பல்லால் கடித்து இழுத்துப் போட்ட முடிச்சு, போட்டபடியே இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். ஜயஸ்ரீயின் விரல்கள் அவள் மணிக்கட்டை அழுத்தின.

சாம்சன் இதைக் கவனிக்கவில்லை. எதிரே போன பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்திருந்தார். ஆனால் காலையில் படப்பை அறையில் உட்கார்ந்திருந்த மனிதரின் தவிப்பு அவரிடம் இப்போது இல்லை.

“என்னை மண்ணூர்ல விடுறியா தங்கச்சி?” என்றார். “அந்தப் பொண்ணு பஸ்ஸுக்குக் கிளம்புற நேரம். மூட்டை நிறைய இருக்கும். தம்பிக்காரன் ஒருத்தனால தூக்க முடியாது.”

பாஞ்சாலி பையை எடுத்து, அவிழ்க்காமல், தன் இருக்கைக்கு அடியில் தள்ளினாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். வழியில் கைகாட்டியவர்கள் யாருக்காகவும் அவள் நிறுத்தவில்லை.